ஆடி வெள்ளியில் கண் திறந்த புலி

போன வாரம் உங்கள் பட்டறைக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "ஆன்டி, பேப்பர் கூழ்ல செய்ற உருவத்த எங்க காய வைக்கிறது நல்லது? உள்ளயா, வெளியவா?" நான் வாயைத் திறப்பதற்குள் டீ வந்தது, கறிபாப் வந்தது, எல்லாரும் சேர்ந்து படம் எடுக்க வேண்டும் என்றார்கள். கேள்வி அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தும் அது என்னை விடவில்லை. ஏனென்றால் காய வைக்கும் இடம் தப்பிப்போய்த்தான் ஒருமுறை என் தொழிலே கைவிட்டுப் போகப் பார்த்தது.

ஆகவே எழுதியே தருகிறேன். கூழ் அரைப்பது, அச்சில் ஒட்டுவது, உப்புத்தாள் போடுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி வருஷங்கள். கிள்ளான் பக்கத்து மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலை ஆள் குறைத்தது. நான் அங்கே சூப்பர்வைசர். என்னையும் என் வரிசையில் நின்ற ஏழு பெண்களையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கேட்டைத் தாண்டியதும் ஏழு பேரும் வேறெங்கும் போகாமல் என் பின்னாலேயே வந்தார்கள். "ஏன்டி என் பின்னாடி வர்றீங்க?" என்றேன். "நீங்கதானே அக்கா சூப்பர்வைசர்" என்றாள் ஒருத்தி. அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டேன்.

கிள்ளானில், கோயிலுக்குப் போகும் தெருவில், ஒரு பழைய கடையை வாடகைக்குப் பிடித்தோம். பழைய பேப்பர், சிமெண்டுப் பை, தச்சுக் கடையில் வெட்டிப் போட்ட மரத்துண்டு, மரவள்ளி மாவில் காய்ச்சிய பசை, இவ்வளவுதான் முதலீடு. சுற்றுச்சூழல், மறுசுழற்சி என்று நீங்கள் இன்றைக்குச் சொல்வதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. காசு கொடுத்து வாங்காத சாமானில் செய்ய வேண்டும், அதுதான் எங்கள் கொள்கை. மயிலும் யானையும் எல்லாரும் செய்தார்கள். நாங்கள் காட்டில் குறைந்துகொண்டே போகிற விலங்குகளைப் பிடித்தோம். இருவாட்சிப் பறவையில் விளக்குக் கூடு, கடலாமையில் தட்டு, தாப்பிரில் முக்காலி. தாப்பிர் தெரியும்தானே? உடம்பெல்லாம் கறுப்பு, இடுப்பில் மட்டும் வெள்ளைத் துண்டு சுற்றினாற்போல இருக்கும், நீள மூக்கு. வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் பன்றி என்றார்கள். காட்டில் அதைக் காப்பாற்ற ஆளில்லை, வரவேற்பறையில் வைத்து அழகு பார்க்க மட்டும் ஆள் இருந்தது. நமக்கென்ன, செய்து கொடுத்தோம்.

அம்பாங் பக்கம் புதிதாகத் திறக்க இருந்த ஒரு ஹோட்டலிலிருந்து அலங்கார வேலை பார்க்கும் சீனப் பெண் ஒருத்தி வந்தாள். மிஸ் என்றே கூப்பிடுவோம். மாதிரிக்கு வைத்திருந்த தாப்பிர் முக்காலியைத் தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், பிறகு கேட்டாள், "இதுக்கு மூக்கு எங்க?"

பார்த்தேன். மூக்கு இல்லை. மரவள்ளிப் பசையின் ருசி கண்ட எலி, மூக்கை மட்டும் சுத்தமாகத் தின்றுவிட்டிருந்தது. பின்னால் ஏழு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "இது குட்டி, மிஸ். இன்னும் வளரல" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் ஆர்டர் வந்தது. லாபியின் நடுவில் வைக்க ஐந்தடி நீளத்தில் ஒரு புலி. அது முதலில் வர வேண்டும். ஒரு மாதம் கழித்து வரும் புதன்கிழமை திறப்பு விழா, முந்தின நாள் செவ்வாய் மத்தியானம் லோரி வரும், ஏற்றிவிட வேண்டும். புலி பிடித்திருந்தால் அறைக்கு ஒன்றாக நாற்பது தாப்பிர் முக்காலிகள். புலி வரவில்லை என்றால் ஒன்றும் கிடையாது. கடை வாடகையே இரண்டு மாதம் நின்றிருந்த நேரம் அது. இந்த ஆர்டர் போனால் ஏழு பேரையும் நானே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். தொழிற்சாலை எனக்குச் செய்ததை நான் அவர்களுக்குச் செய்ய வேண்டும்.

இனி எலியை நம்ப முடியாது. பெண்கள் கூடிப் பேசி, பசை காய்ச்சும்போதே வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். எலி கிட்டே வரவில்லை. கடைக்குள் இடமும் இல்லாததால் புலியை அஞ்சடியில், அதுதான் கடைகளுக்கு முன்னால் கூரையோடு நீளுமே அந்த நடைபாதையில், காற்றும் வெளிச்சமும் படும்படி வைத்தோம். பத்து நாளில் நன்றாகக் காய்ந்தது. நாலு பேர் கண்ணில் படும் இடம், யாரும் திருட மாட்டார்கள், எலியும் வராது. என்ன புத்திசாலித்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வர்ணத்துக்கு ஒரு பெரியவரைப் பிடித்தேன். கோயில் வாகனங்களுக்கு வர்ணம் அடிப்பவர். பெயின்டர் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். பெயரைக் கேட்டால், "கூலி குடுக்கறப்ப கேளு" என்பார். கொடுக்கும்போது எனக்கு மறந்துவிடும். கடைசிவரை தெரியாமலே போயிற்று. நிஜப் புலியைப் பார்க்கட்டும் என்று அவரை மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போனேன். கூண்டின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "கோடெல்லாம் சரி. கண்ணுதான் சரியில்ல. அது செத்துப்போன கண்ணு. அத நான் எழுத மாட்டேன்" என்றார். "பின்ன எப்படி எழுதுவீங்க?" என்றேன். "எனக்குத் தெரிஞ்ச கண்ண எழுதுவேன்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கண் எழுத வந்தார். ஒரு கையில் தூரிகை, இன்னொரு கையில் முகம் பார்க்கும் கண்ணாடி, சட்டைப் பையில் எலுமிச்சம்பழம். "இதெல்லாம் எதுக்குண்ணே?" என்றேன். "பழக்கம். பழம் அறுக்காம என் கை ஓடாது" என்றார். எனக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. "சரி சரி, சீக்கிரம் முடிங்க" என்று உள்ளே போய்விட்டேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். அம்மன் கோயிலுக்குப் போகும் தெரு. அது ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. வேப்பிலையும் மஞ்சளும் மணக்கிற புலி. அதற்கு முன்னால் வாகனம் செய்யும் கை, எலுமிச்சம்பழம் அறுத்து, கண்ணாடி காட்டிக் கண் திறக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். அம்மனின் வாகனத்தைத்தான் நான் செய்து நடைபாதையில் நிறுத்தியிருக்கிறேன் என்று கிள்ளானில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியவில்லை.

மத்தியானம் வெளியே வந்தால் புலி நெற்றியில் குங்குமம். யாரோ பிள்ளைகள் விளையாட்டு என்று ஈரத்துணியால் துடைத்தேன். சாயங்காலம் கழுத்தில் மாலை. சனிக்கிழமை காலையில் எலுமிச்சை விளக்கு. எண்ணெய் வர்ணத்தில் பட்டுவிடுமே என்று நான் விளக்கை நகர்த்தப் போக, பக்கத்தில் இருந்த பவுனக்கா ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "ஏய், கைய எடு! விளக்கு எரியறப்ப நகர்த்துறியே, நீ தமிழச்சிதானா?"

பவுனக்கா எங்கள் கடைக்கு அடுத்த தூணில் பூ விற்பவள். வாயில் எப்போதும் வெற்றிலை, இடுப்பில் ஒரு சுருக்குப்பை, குரல் ரயில்வே ஒலிபெருக்கி. புலிக்குக் கண் திறந்த நாளிலிருந்து அவள் கூடை இரண்டு தடவை காலியாகி இரண்டு தடவை நிரம்பியது. புலி போகாமலிருந்தால் அவளுக்குத்தான் லாபம் என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நிலைமை கைமீறிப் போய்விட்டது. எதிர்க்கடை முடிவெட்டுபவர், புலியின் வலப்பக்கக் கோட்டையும் இடப்பக்கக் கோட்டையும் எண்ணி, சேர்த்து எழுதி நாலு நம்பர் லாட்டரி வாங்கியிருக்கிறார். ஆறுதல் பரிசு விழுந்துவிட்டது! அவ்வளவுதான். கப்பாரிலிருந்து வந்தார்கள், பந்திங்கிலிருந்து வந்தார்கள். ஒருவர் குனிந்து வால் கோட்டை எண்ணுகிறார், ஒருவர் மீசையை எண்ணுகிறார். நான் போய், "அண்ணே, இது ஹோட்டலுக்குப் போற சாமான்" என்றால், "இருக்கட்டும்லா, நீ கொஞ்சம் தள்ளு, அஞ்சாவது கோடு மறைக்குது" என்கிறார்.

திங்கட்கிழமை என் ஏழு பெண்களையும் கூப்பிட்டேன். மாலையெல்லாம் எடுத்து, துடைத்து, சாக்கில் சுற்றி வையுங்கள், நாளைக்கு லோரி வருகிறது என்றேன். ஒருத்தி காலைத் தரையில் தேய்த்தாள். ஒருத்தி மேலே பார்த்தாள். கடைசியில் ஒருத்தி, "கோவிச்சுக்காதீங்க அக்கா. நாங்க கை வைக்க மாட்டோம்" என்றாள்.

"அடிப்பாவிங்களா! நீங்க ஒட்டுன பேப்பர்தானேடி இது? அந்த வயித்துக்குள்ள போன வருஷத்து பேப்பர்தான் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. ஆனா கண்ணு திறந்தாச்சே."

புலி போகாவிட்டால் வேலை போகும் என்று அவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் கை வைக்க மாட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் சூப்பர்வைசர் மரியாதை போய்விடும் என்று திட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் மிஸ் போன் செய்தாள். லோரி கிளம்பிவிட்டதாம். அஞ்சடியில் ஐம்பது பேர் நின்றார்கள். அதில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாராயம் விக்கிற எடத்துலயா அம்மன் வாகனத்தக் கொண்டு வைக்கப் போற?" என்று கேட்டாள். "சாராய பாரு ரெண்டாவது மாடியிலதாம்மா. புலி கீழதான் இருக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு அசட்டுத்தனம் என்று புரிந்தது.

பெயின்டர் அண்ணன் ஓரமாக நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நேரே போய் அவர் மேல் பாய்ந்தேன். எல்லாம் நீங்கள் அறுத்த எலுமிச்சம்பழத்தால் வந்த வினை என்றேன். வெளியாள் நாலு பேரைக் கூலிக்குப் பிடித்து இப்போதே தூக்கி ஏற்றிவிடப் போகிறேன் என்றேன். அவர் பீடியை அணைத்தார்.

"ஏத்தலாம். இத்தன பேரு வயிறெரிஞ்சு நிக்க, திருட்டுப் புலியா போகும். நாளைக்கு இதே தெருவுலதானே நீ கடை திறக்கணும்?"

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"கேளு."

"யார்கிட்ட?"

"யாரோட வாகனம்ன்னு சொல்றாங்களோ, அவகிட்டத்தான். பூ கட்டிப் பாரு."

பூ கட்டிப் பார்ப்பது உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக மடித்துக் கட்டி அம்மன் முன்னால் வைப்பது. விவரம் தெரியாத ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுப்பார். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. நான் கூட்டத்திடம் சொன்னேன், வெள்ளை வந்தால் புலி போகும், சிவப்பு வந்தால் இங்கேயே இருக்கும், நான் வாயைத் திறக்க மாட்டேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். யாருக்கும் இதைவிட நியாயமாகத் தோன்றவில்லை.

பவுனக்காவிடமே வெள்ளை அரளி ஒன்றும் சிவப்பு அரளி ஒன்றும் வாங்கிக்கொண்டு பொட்டலம் மடிக்கக் கடைக்குள் போனேன். எங்களிடம் பேப்பருக்கா பஞ்சம்?

இங்கேதான் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். சிவப்புப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பாதிக்குப் பாதி. ஏழு குடும்பத்தின் சோற்றைப் பாதிக்குப் பாதிக்கு விட எனக்குத் தைரியம் வரவில்லை. சிவப்பைப் பசை வாளிக்குள் அமுக்கினேன். சுவரில் மாட்டியிருந்த சாமி படத்து மாலையிலிருந்து இன்னொரு வெள்ளை அரளியைப் பிய்த்தேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை. அவசரத்தில் நூல் சரியாகச் சுற்றவில்லை.

தட்டை எடுத்துவந்து புலியின் முன்னால் வைத்தேன். பவுனக்கா குனிந்து பார்த்தாள். "என்னாது இது, நூலு தொங்குது? பேப்பர் ஒட்டுற கைக்குப் பூ கட்டத் தெரியுமா? குடு இங்க" என்று இரண்டையும் வாரிக்கொண்டு தன் கூடையருகே உட்கார்ந்தாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, மடியில் வைத்து, பிரித்து மறுபடி கட்டினாள்.

பிரித்தால் இரண்டிலும் வெள்ளை இருப்பதைப் பார்ப்பாள். பார்த்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். பிறகு நான் கிள்ளானில் தலை காட்ட முடியாது. அவள் எழுந்தாள். பொட்டலங்களைத் தட்டில் வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள்.

அந்த நேரத்துக்கு ஹோட்டல் லோரி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் நடுத்தர வயது மலாய்க்காரர். கூட்டத்தைப் பார்த்து விபத்து என்று நினைத்துப் பதறி இறங்கினார். அவரையே எடுக்கச் சொல்லலாம், அவருக்குச் சிவப்பும் தெரியாது வெள்ளையும் தெரியாது என்றார் பெயின்டர் அண்ணன். ஐம்பது தலையும் ஆடியது. ஏதாவது ஒன்றை எடுங்கள் என்று மலாயில் சொல்லித் தட்டை நீட்டினோம். "என்ன, லக்கி டிராவா?" என்று கேட்டார் அவர். ஆமாம் என்றோம். "பரிசு என்ன?" என்றார். புலி என்றோம். அவர் புலியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், லோரியை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியிருந்த அவசரத்தில் லபக்கென்று ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

குலவைச் சத்தம் எழுந்தது. பாதிப் பேர் அழுதார்கள். என் கையைப் பிடித்துக் கேள்வி கேட்ட அம்மாவே கற்பூரம் ஏற்றி, பெண்களைப் பார்த்து, "உத்தரவு ஆயிடுச்சுல்ல, தூக்குங்கடி" என்று அதட்டினாள். ஏழு பேரும் ஓடிவந்து கை கொடுத்தார்கள். முடிவெட்டுபவர் மட்டும் கடைசியாக ஒருமுறை வாலை எண்ணிக்கொண்டார். லோரி நகர்ந்தபோது பெயின்டர் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். "காட்டுல நெசப் புலி சாகுது, ஏன்னு கேக்க ஒரு நாதியில்ல. பேப்பர் புலிக்கு ஐம்பது பேரு. அங்கயும் எவனாவது போய்க் கண்ணத் திறந்துட்டு வரணும் போலிருக்கு" என்றார்.

நான் அதைக் காதில் வாங்கவில்லை. தட்டைத்தான் தேடினேன். மீதிப் பொட்டலம் அதில் இல்லை. பவுனக்கா தன் சுருக்குப்பையின் வாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

புலி லாபியில் நின்றது. நாற்பது தாப்பிரும் மூக்கோடு போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு வேறு ஹோட்டல்கள், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை, ஏழு பேர் பதினாறு பேரானார்கள். ஆனால் அன்றிலிருந்து நான் பவுனக்காவுக்கு அடிமை. தினமும் இரண்டு முழம் பூ, வேண்டுமோ வேண்டாமோ. மழையென்றால் அவள் கூடை என் கடைக்குள். உட்கார ஒரு தாப்பிர் முக்காலி. காலை பத்து மணிக்குத் தேத்தாரே, அதுதான் இழுத்து ஆற்றின பால் டீ. அவள் கேட்டதே இல்லை, நானாகத்தான் கொடுத்தேன். சுருக்குப்பையைப் பார்க்கும்போதெல்லாம் என் பொய் அதற்குள் மடித்துக் கட்டிக் கிடப்பதாக இருக்கும். தொழில் நன்றாக நடக்க நடக்க எனக்கு அந்த வெட்கம் கூடிக்கொண்டே போனது. சாமியையே ஏமாற்றிச் சம்பாதித்தது என்று.

பதினோரு வருஷம். பிறகு மகன் ஈப்போவுக்குக் கூப்பிட்டான் என்று பவுனக்கா கிளம்பினாள். கடைசி நாள் தேத்தாரே குடிக்கும்போது நான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அக்கா, அந்தப் பொட்டலத்த என்ன செஞ்சீங்க?"

அவள் சுருக்குப்பைக்குள் விரலை விட்டு, பாக்குக்கும் சில்லறைக்கும் அடியிலிருந்து அதை எடுத்து என் கையில் வைத்தாள். பேப்பர் மஞ்சளாகித் துணி போலத் துவண்டிருந்தது. பிரித்தேன். வெள்ளை அரளி காய்ந்தால் வைக்கோல் நிறமாகும், எத்தனை மாலை பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்த பூ காய்ந்து, ஓரங்கள் கறுத்து, நடுவில் இன்னும் சிவப்பாக இருந்தது.

"ரெண்டுலயும் வெள்ளைய வெச்சிட்டு வந்தே. பொய்யாக் கேட்டா அவ எப்படி பதில் சொல்லுவா? அதான் ஒண்ண எடுத்துட்டு என் கூடையிலேர்ந்து ஒரு செகப்ப வெச்சேன்" என்றாள்.

அப்படியென்றால் அன்றைக்கு லோரிக்காரர் எடுத்தது நிஜமான வெள்ளை. "அடப்பாவி அக்கா! பதினோரு வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா தினம் ரெண்டு முழம் வாங்கியிருப்பியா?"

சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போதே அடுத்தது உறைத்தது. "செகப்பு வந்திருந்தா? என் பொண்ணுங்க ஏழு பேரும் தெருவுல நின்னிருப்பாங்களே?"

பவுனக்கா தம்ளரைக் கீழே வைத்தாள். "எதுக்குத் தெருவுல நிக்கணும்? புலி இங்க இருந்தா ஒத்தக் கூடை பத்துமா? அன்னிக்கே எட்டு கூடைக்குப் பூ சொல்லி வெச்சிருந்தேன். ஏழு அவளுங்களுக்கு, ஒண்ணு உனக்கு."

அவள் முன்னால் நான் அழுதது அன்று ஒருநாள்தான். சூப்பர்வைசர் மரியாதை போனால் போகட்டும் என்று இருந்தது. என் லாபத்துக்குக் குறுக்கே நிற்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவள், எந்தப் பூ வந்தாலும் எங்களுக்குச் சோறு இருக்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் முடிச்சுப் போட்டிருக்கிறாள்.

நெருக்கடி வரும் நாளில் உங்களுக்கும் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை வைக்கத் தோன்றும். தோன்றினால், வைப்பதற்கு முன்னால் பக்கத்துத் தூணில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பேசிப் பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை.

கேள்வி கேட்ட பெண்ணுக்கு: உள்ளேயே காய வையம்மா. எலி வந்தால் மூக்கு மட்டும்தான் போகும்.